அரிசிப் பையும் ஒரு கேள்வியும்

படிக்கும் முன்

நம் தெருவில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்? இரண்டு படி அரிசி கொண்டுபோய்க் கொடுப்பார். இது நல்ல மனம். நம் ஜனங்களுக்கு இது புதிதில்லை.

ஆனால் அடுத்த மாதமும் அந்த அடுப்பு எரியவில்லை. அதற்கு அடுத்த மாதமும் எரியவில்லை. அப்போது என்ன செய்வது? மறுபடியும் அரிசி கொடுக்கலாம். கூடவே, "இந்த வீட்டில் ஏன் அடுப்பு எரிவதில்லை?" என்றும் கேட்கலாம்.

சுமார் 190 ஆண்டுகளுக்கு முன் சில இளைஞர்கள் அரிசியும் கொடுத்தார்கள், அந்தக் கேள்வியையும் கேட்டார்கள். அவர்கள் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். அவர்கள் தொடங்கிய சபை 1863-ல் நம் புனேக்கு வந்தது. இந்தியாவில் அதன் முதல் கிளை இங்கேதான் தொடங்கியது.

அந்த வரலாற்றை இந்தப் பாடத்தில் படிப்போம். எந்த மதத்தைச் சேர்ந்தவரும் படிக்கலாம். பசிக்கு மதம் கிடையாது.

1. பொதுநிலையினர் என்றால் யார்?

கத்தோலிக்கத் திருச்சபையில் குருக்கள் இருக்கிறார்கள். கன்னியர்கள் இருக்கிறார்கள். இவர்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை. முழுநேரமும் திருச்சபைப் பணி செய்கிறார்கள்.

மற்ற எல்லோரும் பொதுநிலையினர். ஆட்டோ ஓட்டுபவர், ஆசிரியை, தையல்காரர், நர்ஸ், கடைக்காரர் எல்லோரும் இதில் அடக்கம். இவர்களுக்குக் குடும்பம் உண்டு. வேலை உண்டு. வீட்டு வாடகைக் கவலையும் உண்டு.

கோயிலுக்குப் போய் ஜெபம் செய்தால் இவர்கள் கடமை முடிந்துவிடுமா? முடியாது என்று நினைத்தவர்களின் வரலாறுதான் இது.

2. பாரிசில் கேட்ட கேள்வி

பிரான்ஸ் நாட்டின் தலைநகரம் பாரிஸ். 1832-ல் அங்கே காலரா நோய் பரவியது. பல ஆயிரம் பேர் இறந்தார்கள். ஏழைகள் வாழ்ந்த தெருக்களில்தான் சாவு அதிகம். வேலை இல்லை. கூலி குறைவு. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் அடைந்து கிடந்தது.

அங்கே பிரடெரிக் ஓசானாம் என்ற மாணவர் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அவரும் நண்பர்களும் கூடி விவாதம் நடத்துவார்கள். கிறிஸ்தவ மதம் உலகத்துக்கு எவ்வளவோ நன்மை செய்தது என்று ஓசானாம் பேசுவார்.

ஒரு நாள் ஒருவர் எழுந்து கேட்டார். முன்பு செய்தது இருக்கட்டும், இப்போது ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றார்.

கேள்வி நெஞ்சில் தைத்தது. ஓசானாம் கோபப்படவில்லை. கேட்டது நியாயம் என்று எடுத்துக்கொண்டார்.

1833 ஏப்ரல் 23. அன்று ஓசானாமுக்கு 20 வயது நிறைந்தது. அன்றைக்கு ஆறு மாணவர்களும், வயதில் மூத்த பத்திரிகைக்காரர் ஒருவரும் கூடினார்கள். மொத்தம் ஏழு பேர். ஏழைகளின் வீடுகளுக்கே போவது என்று முடிவு செய்தார்கள்.

ஆனால் எந்த வீட்டுக்குப் போவது? எப்படிப் பேசுவது? அவர்களுக்குத் தெரியவில்லை. ரோசலி என்ற அருட்சகோதரி வழி காட்டினார். அவர் அந்த ஏழைத் தெருக்களில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்தவர்.

இந்தச் சிறு கூட்டம் புனித வின்சென்ட் தே பவுல் சபை என்று பெயர் பெற்றது. வின்சென்ட் 1581 முதல் 1660 வரை வாழ்ந்த பிரெஞ்சு குரு. ஏழைகளுக்காகவே உழைத்தவர். ஏழு பேரோடு தொடங்கிய சபை இன்று சுமார் 150 நாடுகளில் இருக்கிறது.

3. 1863-ல் நம் ஊர்

புனேயை அப்போது பூனா என்று எழுதினார்கள். அது ஆங்கிலேயர் ஆட்சிக் காலம். கேம்ப் பகுதி ராணுவ முகாமாக இருந்தது. ஐரிஷ் சிப்பாய்கள், கோவாக்காரர்கள், தமிழர்கள் என்று பல மொழி பேசும் கத்தோலிக்கர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

1863-ல் வின்சென்ட் தே பவுல் சபை பூனாவில் தொடங்கியது. அதே ஆண்டில் இந்தப் பகுதியில் நடந்த வேறு இரண்டு செய்திகளையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று: கண்டாளா மலை ஏறும் ரயில் பாதை அந்த ஆண்டில் முடிந்தது. மும்பையும் புனேயும் ரயிலால் இணைந்தன. அந்த மலையைக் குடைந்தவர்கள் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள். நோயிலும் விபத்திலும் ஏராளமானவர்கள் இறந்தார்கள். வேலையின்போது இறக்கும் தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கத் தனிச் சட்டம் அப்போது இல்லை.

இரண்டு: ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாய் புலேயும் இதே புனேயில் ஒரு காப்பகம் திறந்தார்கள். கர்ப்பமான விதவைப் பெண்கள் அங்கே பயமின்றிப் பிள்ளை பெறலாம். ஊர் அவர்களைத் துரத்தியது. புலே தம்பதியர் கதவைத் திறந்தார்கள். இவர்கள் 1855-லேயே உழைக்கும் மக்களுக்கு இரவுப் பள்ளியும் நடத்தியவர்கள். நாம் இன்று மாலை வகுப்பில் உட்காருகிறோம். அதற்கு இந்த ஊரில் அவ்வளவு பழைய வேர் இருக்கிறது.

மதம் வேறு. சாதி வேறு. மொழியும் வேறு. ஆனால் ஒரே ஊரில், ஒரே காலத்தில், பலரும் ஏழைகளின் பக்கம் திரும்பினார்கள்.

4. சபை எப்படி வேலை செய்கிறது?

சபையின் உறுப்பினர்கள் சிறு சிறு குழுக்களாகச் சேர்கிறார்கள். பெரும்பாலும் ஒரு பங்குக் கோயிலை ஒட்டி ஒரு குழு இருக்கும். தவறாமல் கூடுவார்கள். ஜெபம் செய்வார்கள். பிறகு வேலைக்கு வருவார்கள்.

கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டுத் தம்மால் முடிந்ததைப் போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. பத்து ரூபாய் போட்டவரும் நூறு ரூபாய் போட்டவரும் அங்கே சமம்.

வீடு பார்க்கப் போவதுதான் சபையின் முக்கிய வேலை. தனியாகப் போவதில்லை. இரண்டு பேராகப் போவார்கள். உட்கார்ந்து பேசுவார்கள். நோயா, கடனா, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமா என்று கேட்டு அறிவார்கள். பிறகு குழுவில் கூடிப் பேசி உதவி செய்வார்கள். உதவி பெறுபவர் எந்த மதம் என்று பார்ப்பதில்லை.

உதவி பெறும் குடும்பத்தின் பெயரை வெளியே சொல்வதில்லை. இது மிகவும் முக்கியம். ஏன்? வறுமை ஒருவரின் குற்றம் இல்லை. அதை ஊருக்குக் காட்டி அவரைத் தலைகுனிய வைக்கக் கூடாது.

வரிசையில் நிற்க வைத்துக் கொடுப்பதற்கும், வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வரிசையில் கை மட்டும் தெரியும். வீட்டில் மனிதர் தெரிவார். அவருடைய கஷ்டத்தின் காரணமும் தெரியும்.

5. கொடுத்தால் மட்டும் போதுமா?

வீடு வீடாகப் போன ஓசானாமுக்கு ஒன்று புரிந்தது. ஏழைகள் சோம்பேறிகள் இல்லை. காலை முதல் இரவு வரை உழைக்கிறார்கள். கூலி போதவில்லை. அதனால்தான் ஏழையாக இருக்கிறார்கள்.

1840-ல் அவர் லியோன் நகரில் சட்டம் கற்பித்தார். அங்கே கூலியைப் பற்றிப் பேசினார். நியாயமான கூலி எது? தொழிலாளி பிழைக்க வேண்டும். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். வயதான காலத்துக்கும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். இதற்கெல்லாம் போதுமானதே கூலி என்றார். மனிதனை இயந்திரம் போல் நடத்துவது சுரண்டல் என்றார்.

ஓசானாம் 1853-ல், 40 வயதில் இறந்தார். அதற்கு 38 ஆண்டுகளுக்குப் பிறகு, 1891-ல், போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர்களைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். நியாயமான கூலி வேண்டும், சங்கம் அமைக்கத் தொழிலாளர்களுக்கு உரிமை உண்டு என்று அதில் சொன்னார்.

1965-ல் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் ரோமில் கூடி, பொதுநிலையினரின் பணி பற்றி ஓர் ஏடு வெளியிட்டார்கள். அதில் ஒரு கருத்து நாம் எல்லோரும் மனதில் வைக்கத்தக்கது. நீதியின்படி ஒருவருக்குச் சேர வேண்டியதைத் தருமம் போலக் கொடுக்கக் கூடாது. முதலில் நீதி. துன்பத்தைத் தணித்தால் மட்டும் போதாது, துன்பத்தின் காரணத்தையும் நீக்க வேண்டும். இதுதான் அந்தக் கருத்து.

நம் பேச்சில் சொன்னால் இப்படி: கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு தீபாவளிக்குப் புடவை கொடுப்பவர் தருமவான் ஆக மாட்டார்.

6. ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம்

இது கற்பனைக் குடும்பம். ஆனால் இப்படிப்பட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஒரு பெண். இரண்டு பிள்ளைகள். கணவர் கட்டட வேலை செய்தவர். சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். பங்குக் கோயிலிலிருந்து இரண்டு பேர் அந்த வீட்டுக்கு வருகிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தருகிறார்கள். மூன்று மாதம் இப்படிப் போகிறது.

நான்காம் மாதம் வந்தவர்களில் ஒருவர் கேட்கிறார்.

"தங்கச்சி, கான்ட்ராக்டர் ஏதாவது கொடுத்தாரா?"

"சாவுச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தாருண்ணே. ஒரு காகிதத்துல கைநாட்டு வாங்கிக்கிட்டாரு."

"அதுல என்னம்மா எழுதியிருந்துச்சு?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

இந்த இடத்தில் நிறுத்துவோம். பெல்ஜியம் நாட்டில் கார்டைன் என்ற குரு இளம் தொழிலாளர்களுக்காக ஓர் இயக்கம் நடத்தினார். அவர் மூன்று படிகளைச் சொல்லிக் கொடுத்தார். பார். சிந்தி. செய். அதன்படி போவோம்.

பார்: என்ன நடந்தது? வேலை செய்யும்போது ஒருவர் இறந்தார். குடும்பத்துக்கு வருமானம் நின்றது. படிக்கத் தெரியாத பெண்ணிடம் கைநாட்டு வாங்கினார்கள்.

சிந்தி: இது விதியா? இல்லை. வேலையின்போது நேர்ந்த விபத்தில் தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். இதற்கு 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டங்கள் மாறின. அந்த உரிமை இன்றும் இருக்கிறது. சாவுக்கான நஷ்ட ஈட்டை முதலாளி நேராகக் கையில் கொடுத்துக் கணக்கு முடிக்க முடியாது. அதற்குரிய அரசு அதிகாரியிடம் கட்ட வேண்டும். "எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம்" என்று எழுதி வாங்கிய காகிதமும் செல்லாது.

செய்: இரண்டு பேரும் அந்தப் பெண்ணோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம். மாவட்டச் சட்ட உதவி மையத்துக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே வக்கீல் உதவி இலவசம். வருமானம் எவ்வளவு என்ற கணக்கு பெண்களுக்கு இல்லை. உயிரோடு வேலை செய்யும் கட்டடத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவும் அவர்கள் உதவலாம்.

அரிசிப் பை மூன்று மாதம் பசியை ஆற்றியது. அது தேவை. அதைக் குறை சொல்லக் கூடாது. பசித்த பிள்ளை தீர்ப்பு வரும்வரை காத்திருக்காது. ஆனால் நான்காம் மாதம் கேட்ட கேள்விதான் அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியதைத் தேடிப் போக வழி திறந்தது.

7. புனே அருகே ஒரு தாய்வீடு

1991-ல் புனேயில் உண்மையில் நடந்தது இது. லூசி குரியன் என்ற அருட்சகோதரியிடம் ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார். கணவன் கொன்றுவிடுவான் என்று பயந்து, தங்க இடம் கேட்டார். உடனே இடம் கொடுக்க வழியில்லை. மறுநாள் ஏற்பாடு செய்வதாகச் சொல்லி அனுப்பினார் சகோதரி. அன்று இரவே கணவன் அந்தப் பெண்ணுக்குத் தீ வைத்தான். தாயும் இறந்தார். வயிற்றிலிருந்த பிள்ளையும் இறந்தது.

அந்த வேதனையை லூசி குரியன் மறக்கவில்லை. 1997-ல் புனேக்கு அருகே வடு புத்ருக் கிராமத்தில் ஓர் இல்லம் திறந்தார். அதன் பெயர் மாஹேர். மராத்தியில் அதற்குத் தாய்வீடு என்று பொருள். கணவனிடம் அடிபட்ட பெண் போகும் இடம் தாய்வீடுதானே!

மாஹேரில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். சாதி பார்ப்பதில்லை. அதைத் தொடங்கியவர் அருட்சகோதரி. ஆனால் அங்கே தினமும் உழைப்பவர்களில் மிகப் பலர் குடும்பஸ்தர்கள், சாதாரணப் பெண்கள். அடைக்கலம் தேடி வந்த பெண்களில் சிலர் பிறகு அங்கேயே பிள்ளைகளுக்குத் தாயாக இருந்து வேலை செய்கிறார்கள்.

மாஹேர் இல்லத்தோடு நிற்கவில்லை. கிராமங்களில் பெண்கள் சுயஉதவிக் குழுக்களையும் அமைத்தது. அடிபட்டு வந்தவருக்கு இடம் கொடுப்பது ஒரு வேலை. அடிபடாமல் நிற்கப் பெண்ணுக்குப் பலம் சேர்ப்பது இன்னொரு வேலை. இரண்டும் வேண்டும்.

8. நாமே கேட்கலாம்

இதுவரை உதவி செய்பவர்களைப் பற்றிப் படித்தோம். உதவி பெறுபவர் எப்போதும் கை நீட்டியே இருக்க வேண்டுமா?

1980-ல் புனேயில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாத்திரம் தேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். விடுமுறை கேட்டார்கள். இதை எந்த மதச் சபையும் நடத்தவில்லை. அந்தப் பெண்களே நின்றார்கள். பழைய புடவையும் மிஞ்சிய சோறும் கிடைக்கிறதே என்று அவர்கள் திருப்தி அடையவில்லை. வேலைக்குத் தகுந்த சம்பளம் கேட்டார்கள். 2008-ல் மகாராஷ்டிராவில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைக்கச் சட்டம் வந்தது.

நல்ல உதவி எது என்று இப்போது சொல்லிவிடலாம். பெறுபவர் நாளைக்குத் தம் காலில் நிற்கவும், தம் வாயால் கேட்கவும் துணை செய்வதே நல்ல உதவி. எழுத்தும் அப்படி ஓர் உதவிதான். காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவரை ஏமாற்றுவது கடினம்.

சொல்லும் பொருளும்

பொதுநிலையினர் – குருக்கள், கன்னியர் அல்லாத திருச்சபை மக்கள்
தருமம் – மனமுவந்து கொடுப்பது
உரிமை – நமக்குச் சேர வேண்டியது, கேட்டுப் பெறத்தக்கது
நஷ்ட ஈடு – இழப்புக்குச் சட்டப்படி தரும் பணம்
சுரண்டல் – ஒருவர் உழைப்பின் பலனை இன்னொருவர் பறிப்பது

பதில் எழுதுங்கள்

1. வின்சென்ட் தே பவுல் சபை இந்தியாவில் எந்த ஊரில், எந்த ஆண்டில் தொடங்கியது?
2. உதவி பெறும் குடும்பத்தின் பெயரைச் சபையினர் ஏன் வெளியே சொல்வதில்லை?
3. நியாயமான கூலி எதற்கெல்லாம் போதுமானதாக இருக்க வேண்டும் என்று ஓசானாம் சொன்னார்?
4. மாஹேர் என்றால் என்ன பொருள்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் அடிக்கடி உதவி தேவைப்படும் வீடு எது என்று பெயர் சொல்லாமல் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தருமமாகக் கிடைப்பது என்ன? உரிமையாகக் கிடைக்க வேண்டியது என்ன? ரேஷன், கூலி, விதவை உதவித்தொகை, பள்ளி இடம் என்று ஒவ்வொன்றாகப் பேசிப் பாருங்கள்.

எழுதிப் பழகுங்கள்

கீழே உள்ள விண்ணப்பத்தை நோட்டில் எழுதுங்கள். புள்ளியிட்ட இடங்களை நிரப்புங்கள். அலுவலகத்தில் மராத்தியில் கேட்டால், தெரிந்தவரைக் கொண்டு எழுதி வாங்குங்கள். அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பெறுநர்: மாவட்டச் சட்ட உதவி மையம், புனே.
ஐயா / அம்மா,
என் பெயர் ………. என் கணவர் ………. அவர் ………. என்ற இடத்தில் வேலை செய்தபோது ………. தேதியில் விபத்தில் இறந்தார். எங்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. அதைப் பெற எனக்கு இலவச வக்கீல் உதவி அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
தேதி: ……….
கையெழுத்து: ……….

விண்ணப்பத்துக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். கொடுத்ததற்கு முத்திரையோடு ரசீது கேளுங்கள். ரசீது கேட்பதும் உங்கள் உரிமை.